படித்த ஊர்

முப்பத்தெட்டு வயதில் எமில்டாவுக்குக் கல்லூரி ஆசை திரும்ப வந்துவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். திரும்ப வருவதற்கு அந்த ஆசை முதலில் போயிருக்க வேண்டும். அது எங்கேயும் போகவில்லை.

பதினெட்டு வயதில் தூத்துக்குடியில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தாள். பதினேழு நாள் போனாள். பதினெட்டாம் நாள் காலையில் அம்மா அடுப்படியில் விழுந்தாள். வாதம். கீழே மூன்று தங்கச்சிகள். மூத்தவள் வீட்டில் நின்றாக வேண்டியிருந்தது. அடுத்த வருஷமே கல்யாணம். மாப்பிள்ளை ரோச், விசைப்படகில் டிரைவர். விடியுமுன் கடலுக்குப் போனால் இருட்டிய பிறகுதான் கரை. மகள் பிளாரன்ஸ் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் எமில்டா ஓர் இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலைக்குப் போனாள். கம்பெனி வேன் அந்தக் கல்லூரி வாசலைத் தாண்டித்தான் போகும். வேனுக்குள் பாட்டும் பேச்சுமாக இருக்கும். அந்த இடம் வரும்போது மட்டும் எமில்டா பேச்சை நிறுத்திவிட்டுக் குடை பிடித்துப் போகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வருவாள்.

2013இல் ஃபிராங்க்ளின் சார் என்று ஒருவர் ஊரில் ஒரு மையம் தொடங்கினார். வடக்கே ஏதோ ஒரு மாநிலத்துப் பல்கலைக்கழகம். அதன் தொலைநிலைக் கல்வி மையம் தூத்துக்குடியில். சனங்கள் வாயில் அது 'கரஸ்'. ஞாயிற்றுக்கிழமை தோறும் வகுப்பு, பரீட்சையும் இங்கேயே. எமில்டா முதல் வாரமே போய்ப் பெயர் கொடுத்தாள்.

வகுப்பு நடந்தது ஒரு மெட்ரிக் பள்ளியின் மூன்றாவது மாடியில். எல்.கே.ஜி. பிள்ளைகளின் பெஞ்சு. முழங்கால் மேசையில் இடிக்கும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், ஒரு போலீஸ்காரர், உப்பளத்தில் கணக்குப் பார்க்கும் சந்தனச்செல்வி என்று இருபத்திரண்டு பேர். வரலாறு எடுக்க வன்னியபெருமாள் சார் கயத்தாற்றிலிருந்து பஸ் ஏறி வருவார். ஒரு நாள் அவர் முத்துக்குளிப்பைப் பற்றி நடத்தினார். எத்தனை வள்ளம் போயிற்று, எத்தனை லட்சம் சிப்பி வந்தது, ஏலம் எப்படி நடந்தது என்று எல்லாம் சொன்னார். எமில்டா எழுந்து கேட்டாள்.

"சார், முங்குன ஆளுகளோட பேரு எங்கயாவது எழுதி வச்சிருக்காங்களா?"

அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். "நான் பார்த்த வரைக்கும் இல்லம்மா. சிப்பியத்தான் எண்ணி எழுதியிருக்கான். நீங்க எம்.ஏ. போய்த் தேடுங்க. கெடச்சா எனக்கும் சொல்லுங்க."

யாரோ ஒருவர் தன்னிடம் ஒரு வேலையை ஒப்படைத்ததுபோல் இருந்தது அவளுக்கு. அன்றைக்கு மூன்று மாடியும் எப்படி இறங்கினாள் என்று அவளுக்குத் தெரியாது.

மூன்று வருஷத்தில் தேறினாள். பட்டம் தபாலில் வந்தது. வீட்டில் மாட்டவில்லை, பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்தாள். அம்மா படுக்கையிலிருந்தாள், பிளாரன்ஸ் வளர வேண்டியிருந்தது. அம்மா போய்ச் சேர்ந்து, பிளாரன்ஸ் பிளஸ் டூ முடித்து நாகர்கோவிலுக்கு நர்சிங் படிக்கப் போன 2024இல்தான், எமில்டா கம்பெனியில் பேசி இரண்டாம் ஷிப்டு வாங்கிக்கொண்டு, அந்தப் பட்டத்தை வெளியே எடுத்தாள்.

எம்.ஏ. சேர அதே பெண்கள் கல்லூரிக்குப் போனாள். அலுவலகத்தில் முத்துக்கனி என்ற பெண் சான்றிதழ்களைப் பார்த்தாள். நல்ல பெண். பார்க்கப் பார்க்க அவள் முகம் மாறியது.

"அக்கா, இந்த யுனிவர்சிட்டி எந்த ஸ்டேட்டு?"

எமில்டா சொன்னாள்.

"நீங்க அங்க போயா படிச்சீங்க?"

"இல்லம்மா. இங்கதான். தூத்துக்குடியிலயே சென்டர் இருந்துச்சுல்லா."

முத்துக்கனி மார்க் ஷீட்டைத் திருப்பி, ஓரத்தில் இருந்த ஓர் எண்ணைத் தொட்டுக் காட்டினாள். "அதான்க்கா சிக்கல். இது சென்டர் கோடு. யூ.ஜி.சி. என்ன சொல்லுதுன்னா, ஒரு ஸ்டேட்டு யுனிவர்சிட்டி அந்த ஸ்டேட்டு எல்லைக்குள்ளதான் கரஸ் நடத்தணும். எல்லை தாண்டி வச்ச சென்டர்ல படிச்ச டிகிரி செல்லாது. எம்.ஏ.க்கு எடுத்தா எங்க அப்ரூவல்ல பிரச்சினையாயிரும்."

"நான் எல்லாப் பேப்பரும் பாசாயிருக்கேன்."

"பாத்தேன்க்கா. நல்ல மார்க்குதான்." அதைச் சொல்லும்போது முத்துக்கனி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அந்த யுனிவர்சிட்டியில இருந்து தகுதிச் சான்று ஏதாவது வாங்க முடியுமான்னு பாருங்க."

எமில்டா வெளியே வந்தபோது ஏதோ ஒரு வகுப்பு விட்டிருந்தது. பிள்ளைகள் அவளை யாருடைய அம்மாவோ என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அது மீன்பிடித் தடைக்காலம். ரோச் வீட்டில் இருந்தான். வாசலிலேயே கேட்டான். "என்னளா, மொகம் இப்டிக் கெடக்கு?"

அவள் சொன்னாள். அவனுக்கு முழுதும் புரியவில்லை.

"கடல்லதான் எல்லை தாண்டிட்டோம்னு புடிக்கான். படிப்புலயுமா எல்லை? நீ இந்த ஊர விட்டே போவலையே?"

"நான் தாண்டல. அவன் தாண்டி வந்து நடத்தியிருக்கான்."

"அப்பம் அவனத்தான புடிக்கணும்?"

எமில்டா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

ஃபிராங்க்ளின் சாரைக் கண்டுபிடிக்க நாலு நாள் ஆயிற்று. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். தலை நரைத்துவிட்டது. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"எமில்டா. ஒரு ஞாயித்துக்கெழம கூட மொடக்காத எமில்டா."

திட்டுவதற்கென்று வழியெல்லாம் சொல் சேர்த்துக்கொண்டு வந்தவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பட்டத்தை மேசைமேல் வைத்தாள். அவர் அதை எடுத்துப் பார்க்கவில்லை. என்ன விஷயம் என்றும் கேட்கவில்லை. இதேபோல் பலர் வந்திருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்தது.

"எப்ப சார் ஒங்களுக்குத் தெரியும்?"

"யூ.ஜி.சி. கடுதாசி வந்தப்போ நீங்கள்லாம் ரெண்டாம் வருசம்."

"அப்பமே சொல்லியிருக்கலாம்லா?"

"யுனிவர்சிட்டிக்காரன் கேஸ் போட்டிருக்கோம், ஜெயிச்சிருவோம்னான். நம்புனேன். நானும் அதுலதான் எம்.ஏ. முடிச்சேன் எமில்டா." கையிலிருந்த தாளை மடித்தார், பிரித்தார். "நம்புனேன்னு சொல்லுதது பாதிதான் உண்மை. ஞாயித்துக்கெழம காலையில ஒங்க எல்லாரையும் பாத்தா எனக்குச் சொல்ல வாய் வரல."

கடைக்குள் ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒருத்தர் ஆதார் நகல் வாங்கிக்கொண்டு போனார். பிறகு ஃபிராங்க்ளின் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஒரு வழி இருக்கிறது என்றார். அந்த மாநிலத்துக்குள்ளேயே தங்கி, அங்குள்ள மையத்தில் படித்ததாக எழுதிக் கொடுத்தால், பல்கலைக்கழகத்தில் ஓர் ஆள் இருக்கிறான், புது மார்க் ஷீட்டும் தகுதிச் சான்றும் வாங்கித் தந்துவிடுவான். போலீஸ்காரர் அப்படித்தான் வாங்கினாராம். இன்னும் நாலு பேரும் வாங்கிவிட்டார்கள்.

"நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். வேற வழி எனக்குத் தெரியல."

தமிழில் அச்சடித்த ஒரு படிவத்தையும் எடுத்துக் கொடுத்தார். எமில்டா படித்தாள். 'மேற்கண்ட மூன்று கல்வியாண்டுகளும் நான் மேற்படி ஊரில் வசித்து, அங்குள்ள மையத்தில் வகுப்புகளுக்கு நேரில் சென்றேன் என்றும், வேறு எந்த ஊரிலும் வகுப்புக்குச் சென்றதில்லை என்றும் உறுதி கூறுகிறேன்.' ஊர்ப் பெயருக்கு நேரே ஏதோ எழுதியிருந்தது.

"இந்த ஊர் பேர எப்படிச் சொல்லணும் சார்?"

அவர் கண்ணாடியை மாட்டி எழுத்துக் கூட்டிப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை.

படிவத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு எமில்டா நேரே மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனாள். தடைக்காலம் முடிய ஐந்து நாள்தான் இருந்தது. படகுகளுக்கெல்லாம் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். ரோச் சட்டையில்லாமல், முழங்கை வரை நீலமாக நின்றான். அவள் தாளை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். கை படாமல் படித்தான்.

"போட்டுக் குடுத்துரு. யாரு வந்து பாக்கப் போறா? நீ படிச்சது நெசந்தானே."

"படிச்சது நெசம். எங்க படிச்சேங்கதுதான் பொய்."

"அதுல என்னளா இருக்கு?"

பதினேழு நாள் தவிர அவளுக்கு வாய்த்த வகுப்பறை அந்த மூன்றாவது மாடி ஒன்றுதான். அந்தச் சின்னப் பெஞ்சு, சந்தனச்செல்வி கொண்டுவரும் புளியோதரை, ஜன்னல் வழியாகத் தெரியும் கப்பல்கள், தான் எழுந்து நின்று கேட்ட அந்தக் கேள்வி. 'வேறு எந்த ஊரிலும் வகுப்புக்குச் சென்றதில்லை' என்று தன் கையாலேயே எழுதிவிட்டு அந்தச் சான்றிதழோடு இன்னொரு வகுப்பில் போய் எப்படி உட்காருவது? அதுவும் வரலாற்று வகுப்பில். எழுதி வைக்காமல் போனவர்களின் பெயரைத் தேடப் போகிறவள், தன்னைப் பற்றியே ஒரு பொய்யை எழுதி வைத்துவிட்டா போவது?

இதையெல்லாம் அவள் தெளிவாகச் சொல்லவில்லை. முன்னும் பின்னுமாக, நடுவில் அழுதுகொண்டு சொன்னாள். ரோச் பிரஷ்ஷை டப்பாவில் போட்டான். அவனுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் ஓய்வு. படகுகள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை.

"மூணு வருசம் ஞாயித்துக்கெழம பூராவும் புள்ளைக்கு நாந்தான் தல சீவி விட்டேன்," என்றான். "கோயிலுக்கும் நாந்தான் கூட்டிட்டுப் போனேன். ஒத்தையில சோறு தின்னேன். பொஞ்சாதி எங்கலேன்னு கேக்குறவன்கிட்டல்லாம் காலேசுக்குப் போயிருக்கான்னு சொன்னேன். இதுல கையெழுத்துப் போட்டா நான் சொன்னதும்லா பொய்யாயிரும்?"

எமில்டா அவனையே பார்த்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமைகள் அவனுக்கும் சேர்ந்தவைதான் என்று அவள் அதுவரை நினைத்ததில்லை.

"வேண்டாம் போ," என்றான் ரோச். "வேற ஏதாவது இருக்கான்னு அந்தப் புள்ளகிட்டயே கேளு."

முத்துக்கனி கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தாள். பி.ஏ. முதலாண்டுக்கு இடமெல்லாம் நிரம்பிவிட்டது. அடுத்த வருஷம் வேண்டுமானால் முயற்சி செய்யலாம். இல்லையென்றால் நம் மாநிலத்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். அதற்கு அனுமதி உண்டு, எல்லைக்குள்தான் நடக்கிறது, பட்டம் செல்லும். ஆனால் முதலாண்டிலிருந்து தொடங்க வேண்டும்.

"மறுபடியும் மூணு வருசமா?"

"ஆமாக்கா. அதுக்கப்புறம்தான் எம்.ஏ."

எமில்டா விரல்விட்டு எண்ணினாள். நாற்பத்தொன்று. எம்.ஏ. முடிக்கும்போது நாற்பத்துமூன்று. "அதுவும் கரஸ்தானே," என்றாள். அவள் ஆசைப்பட்டது தினமும் காலையில் போய் உட்காருகிற ஒரு பெஞ்சுக்கு.

"கரஸ்தான். ஆனா வரலாறுக்கு கான்டாக்ட் கிளாஸ் எங்க காலேஜ்லதான் நடக்கும். ஞாயித்துக்கெழம."

எமில்டா அன்றே விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாள். முந்தைய கல்வித்தகுதி என்ற இடத்தில் பிளஸ் டூ என்று மட்டும் போட்டபோது பேனா கொஞ்சம் நின்றது. பிறகு ஃபிராங்க்ளின் கடைக்குப் போய் அந்தப் படிவத்தை எழுதாமலே திருப்பிக் கொடுத்தாள். அவர் வாங்கி இழுப்பறையில் போட்டுக்கொண்டார்.

மாதா திருவிழா முடிந்து இரண்டு வாரம் கழித்து முதல் வகுப்பு. விடியற்காலைப் பூசை பார்த்துவிட்டு நேரே போனாள். ரோச் பைக்கில் கொண்டுபோய் விட்டான். இருபது வருஷம் கழித்து அந்த வாசலுக்குள் மாணவியாக நுழைந்தாள். உள்ளே யாருமில்லை. மரத்தடி வெறிச்சென்று கிடந்தது. சைக்கிள் நிறுத்தும் இடத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. வருஷக்கணக்காக அவள் வேனிலிருந்து பார்த்துப் பார்த்து ஏங்கிய சத்தமும் கூட்டமும் திங்கள் முதல் வெள்ளி வரைக்குமானவை. ஞாயிற்றுக்கிழமைக்கு அவை வராது.

கீழ்த்தள வகுப்பறையில் பதினொரு பேர் இருந்தார்கள். பெஞ்சு பெரியவர்கள் உட்காரும் பெஞ்சு. மேசையில் யாரோ ஒரு பெண் பேனாவால் பூ வரைந்திருந்தாள். அதன்மேல் நோட்டை வைக்க மனசில்லாமல் எமில்டா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். பாடம் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த பாடம். இருந்தாலும் ஒரு வரி விடாமல் எழுதினாள்.

ஒரு மணிக்கு வகுப்பு விட்டது. மற்றவர்கள் பஸ்ஸுக்கு ஓடினார்கள். எமில்டா மட்டும் மாடிப்படி ஏறினாள். வராந்தாவின் கடைசியில் 'முதுகலை வரலாறு' என்று பலகை. கதவு பூட்டியிருந்தது. கம்பி ஜன்னல் ஒன்று திறந்து கிடந்தது. உள்ளே நாலு வரிசைப் பெஞ்சும், வெள்ளிக்கிழமைப் பாடத்தை யாரும் அழிக்காமல் விட்டிருந்த கரும்பலகையும் தெரிந்தன. பாண்டியர் காலத் துறைமுகங்கள் என்று தலைப்பு. கீழே பலகை நிறைய எழுத்து.

நோட்டை எடுத்து ஜன்னல் திண்டில் வைத்து, நின்றபடியே பார்த்து எழுதத் தொடங்கினாள். மூலையில் இருந்த சொற்கள் தெரியவில்லை. கம்பியில் முகத்தை அழுத்தி எட்டிப் பார்த்துப் படித்தாள்.

செல்போன் அடித்தது. ரோச்.

"ஏளா, வாசல்ல நிக்கேன். எல்லாரும் போயிட்டாங்களே, இன்னும் முடியலையா?"

"பாதிப் பலகைதான் ஆயிருக்கு. சாப்பாட்டுக்கு நேரமாச்சுன்னா நீங்க போங்க."

"எழுது, எழுது. நான் மரத்தடியில நிக்கேன்."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே அவள் அடுத்த வரியைப் பார்த்தாள்.