இருபதில் ஒரு துண்டு

வலது தோள்பட்டையில் ஆணி அடித்தாற்போல் வலி. விடிந்ததும் விடியாததுமாக ஐநூறு கிலோ தக்காளித் துண்டுகளைத் தட்டுத் தட்டாகத் தூக்கி எடை போட்டிருந்தாள் தராசுக்காரி. தக்காளி காயவைக்கும் அந்த ஆலையில் எது உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் அவள் தராசில் ஏறி இறங்கியாக வேண்டும். பன்னிரண்டு வருடத்தில் ஒரு கிலோ தப்பு வந்ததில்லை. அந்தப் பெருமைதான் போன வாரம் அவளைக் குப்புறத் தள்ளியது.

எப்போதும் சருகாகக் காயவைத்துத்தான் விற்பார்கள். போன வாரம் முதல் முறையாக ஒரு வியாபாரி பாதி காய்ந்த சரக்கு கேட்டார். ஈரம் தொண்ணூறு சதவீதத்துக்கு இறங்கியிருந்தால் முதல் தரம். ஒரு புள்ளி கூடினாலும் இரண்டாம் தரம். தொண்ணூற்றைந்து சதவீத ஈரத்தோடு உள்ளே போனது ஐநூறு கிலோ. ஈரம் அளக்கும் மீட்டர் தொண்ணூறு காட்டியதும் வெளியே வந்தது இருநூற்றைம்பது.

"கணக்கு உதைக்குதே," என்றார் மேஸ்திரி. "ஈரம் குறைஞ்சது அஞ்சே அஞ்சு சதவீதம். ஐநூறுல அது இருபத்தஞ்சு கிலோ. நானூத்தி எழுபத்தஞ்சு வரணும். மிச்சம் எங்க? உன் தராசு பொய் சொல்லுதா?"

"என் தராசு பொய் சொல்லாது." வாய் அதோடு நிற்கவில்லை. "உள்ள இருந்தது அவ ஒருத்திதான்."

அவள் என்றால், தட்டுகளைத் திருப்பிப்போடும் நாத்தனார். ஒரே வீடு, ஒரே அடுப்பு. நாற்பது பேர் பார்க்க அவளுடைய பையைப் பிடுங்கிக் கவிழ்த்ததும் தராசுக்காரிதான். ஒரு சாப்பாட்டு டப்பா, ஒரு சீப்பு, ஒரு தலைவலித் தைலம் விழுந்தன.

"இருநூத்தி இருபத்தஞ்சு கிலோவ இந்த டப்பாவுலயா அமுக்கிட்டுப் போனேன் அண்ணி?" என்றாள் நாத்தனார்.

யாரோ சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை, நாத்தனாரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அடுத்த தடவை எடை சரியாக வந்துவிட்டால் திருடி இவள்தான், வேறு ஆள் போட்டுவிடுவேன் என்றார். ஒரு வாரமாக வீட்டில் பாத்திரம் வைக்கும் சத்தம் மட்டும்தான் பேச்சு.

இன்றுதான் அந்த அடுத்த தடவை. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு காயவைக்கும் அறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள் தராசுக்காரி. தட்டுகளையும் அவளே திருப்பினாள். காலை எட்டு மணியிலிருந்து ஒரு ஈ காக்கா உள்ளே நுழையவில்லை. நாலு மணிக்கு மீட்டர் தொண்ணூறைத் தொட்டது. தட்டுகள் தராசில் ஏறின.

இருநூற்றைம்பது.

மறுபடி போட்டாள். இருநூற்றைம்பது. இந்தக் கணக்குப்படி இன்றைக்குத் திருடி அவளேதான்.

ஒரு துண்டைக் கையில் எடுத்தாள். தோல் இருந்தது, விதை இருந்தது, சதை இருந்தது. தண்ணீர்தான் இல்லை. நூற்றில் தண்ணீர் தொண்ணூற்றைந்து என்றால் சதை ஐந்து. இருபதுக்கு ஒன்று. காலித் தட்டில் இருபது துண்டுகளைப் பரப்பிவிட்டு மேஸ்திரியைக் கூப்பிட்டாள்.

"இதுல ஒன்னு சதை. மத்த பத்தொன்பதும் தண்ணின்னு வச்சுக்குங்க. சதை எங்கயும் ஓடிடாது. நான் தண்ணிய எடுத்துக்கிட்டே வரேன். பத்துக்கு ஒன்னு சதைன்னு ஆனதும் நிறுத்தச் சொல்லுங்க. அதானே உங்க தொண்ணூறு?"

"ஒன்னு ரெண்டு எடுத்தா ஆயிடும்," என்றார் மேஸ்திரி.

ஒன்றை எடுத்தாள். பத்தொன்பதுக்கு ஒன்று. இன்னொன்று. பதினெட்டுக்கு ஒன்று. பதினைந்துக்கு வந்தபோது அவர் சிகரெட்டைக் கீழே போட்டார். பன்னிரண்டு. பதினொன்று. பத்து.

"நிறுத்து!"

தட்டில் பத்துத் துண்டுகள். மேஸ்திரி தன் விரலாலேயே தொட்டுத் தொட்டு எண்ணினார். "பாதியாயிடுச்சேம்மா," என்றார். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "இத்தனை வருஷமா சதவீதம் சதவீதம்னு வாய் கிழியப் பேசினேன். அஞ்சுதானேன்னு நெனச்சுட்டேன்."

அவள் கூரையைப் பார்த்தாள். புகைப்போக்கி வழியாக மெல்லிய ஆவி போய்க்கொண்டிருந்தது. கால் டன் தண்ணீர். எட்டு மணி நேரமாக, நாற்பது பேர் தலைக்கு மேலே, சத்தமில்லாமல் எழுந்து போயிருக்கிறது. அந்த எடையைத் தூக்கி உள்ளே வைத்தது அவள் தோள். வெளியே போனபோது யார் தோளையும் அது தொடவில்லை. வலியை மறந்து அண்ணாந்தபடியே நின்றாள். மேஸ்திரியும் பக்கத்தில் வந்து அண்ணாந்தார்.

"நாளைக்கு அவள வரச் சொல்லிடும்மா," என்றார்.

வீட்டில் நாத்தனார் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தராசுக்காரி செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். நாத்தனாரின் கையில் ஒரு சட்டை பாதி மடிப்பில் நின்றுவிட்டது.

"அவ்வளவு தண்ணியும் என் தலைக்கு மேலயா போச்சு அண்ணி? நான் அங்கதானே நின்னேன்!"

"ஆமா. நாளைக்கு உன்ன வரச் சொன்னாரு."

நாத்தனார் சட்டையை மடித்து முடித்தாள். "வரேன். பையக் கொண்டு வரலாமா?"

தராசுக்காரி அப்போதுதான் குனிந்து செருப்பைக் கழற்றினாள். வீட்டுக்குள் சொல்லி முடிக்கிற காரியமில்லை அது. பையைக் கவிழ்த்தது நாற்பது பேர் முன்னால். அதே நாற்பது பேர் முன்னால் அவளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.