யூஜினின் பிரிக்காத உறை

பெர்னதெத் மலேசியாவில் ரெம்பாவ் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள், சிரம்பான் நகரில் வேலை. சட்டமன்றத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்காக அஞ்சல் வாக்கு எண்ணும் இடத்தில் முகவராக உட்கார்ந்தாள். வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு வாக்கோடும் ஒரு படிவம் இருக்க வேண்டும். அதில் மலேசியக் குடிமகன் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அப்படி இல்லாத பத்து வாக்குகளை அவள் ஆட்சேபித்தாள். உறையைப் பிரிக்காமலே ஒதுக்கி வைத்தார்கள்.

பதினொன்றாவது அவள் தம்பி யூஜினுடையது. நியூசிலாந்தில் மாட்டுப் பண்ணையில் வேலை செய்கிறவன். சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருந்தவர் பண்ணை முதலாளி, அந்நாட்டுக்காரர். அதிகாரி அதைக் கவனிக்காமல் அடுத்ததை எடுக்கப் போனார். ஒதுக்கிய பத்துப் பேருக்கும் வீட்டில் அக்கா தங்கை இருப்பார்கள் என்று தோன்றியது. கையை உயர்த்தினாள்.

அவளுடைய வேட்பாளர் நான்கே வாக்கில் வென்றார். பதினொரு வாக்கையும் எண்ண வேண்டும் என்று தோற்றவர் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டார். யூஜின் அவர் பக்கம் சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்தான்: பண்ணையைச் சுற்றி எங்கேயும் இன்னொரு மலேசியர் இல்லை.

தம்பியின் வாக்கென்று தெரிந்துதான் ஆட்சேபித்தாரா என்று விசாரணையில் தோற்றவரின் வழக்கறிஞர் அவளைக் கேட்டார். தெரிந்துதான் என்றாள். பின்வரிசையிலிருந்த அப்பா சந்தியாகு எழுந்து வெளியே போனார்.

விதியைத் தளர்த்த நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று மனு தள்ளுபடியானது. கட்சிக்காரர்கள் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அப்பாவைக் காரில் ஏற்றித் தோட்டத்துக்குக் கொண்டுபோனாள். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் அவர் பேசினார்.

"நாலு மணி நேரம் காரோட்டிப் போயி போஸ்ட் பண்ணுனான்மா அவன்."

அன்று சாயங்காலமே தம்பியை அழைத்தாள்.

"சட்டம் அப்படித்தான்டா இருக்கு."

"சட்டத்த நான் கேக்கல லா. ஒரு போன் அடிச்சிச் சொல்லியிருக்கலாம். வக்கீல் பேப்பர் அனுப்புனப்பதான் எனக்குத் தெரியும், தள்ளவச்சது நீன்னு."

சொல்ல நினைத்த நாட்கள் எத்தனையோ இருந்தன.

"நான் யாருக்குப் போட்டேன்னாவது கேளேன்க்கா."

"வேணாம்டா."

அவன் போனை வைத்துவிட்டான்.

கிறிஸ்துமஸ் அன்று அப்பாவுக்கு மட்டும் அழைத்தான். மாடுகள், குளிர், சம்பளம் என்று வெகுநேரம் பேச்சு ஓடியது. பெர்னதெத் சமையல்கட்டில் கோழியைக் கிளறியபடி, அப்பா சொல்லும் பதில்களை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.