எழுநூற்றைம்பது வார்த்தைக்குள் ஒரு கயிறு

லிஃப்டின் கயிறு நைந்துபோனால் என்ன செய்வார்கள்? புதுக் கயிறு போடுவார்கள். இதைச் சொல்ல மெக்கானிக் வேண்டியதில்லை, கொடியில் துணி காயப்போடுகிற யாருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பதினான்கு மாடி அரசாங்கக் கட்டடத்தில் புதுக் கயிறு வேண்டுமென்றால் அந்நிய நாட்டுப் பத்திரிகையில் கருத்துக் கட்டுரை எழுத வேண்டும். சிரிக்காதீர்கள். அதுதான் வழி என்று இரண்டு பேர் மனதார நம்பினார்கள். ஒருவர் அந்த லிஃப்டைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக், இன்னொருத்தி அவருடைய மனைவி.

மெக்கானிக்கை எல்லோரும் கயிறண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்நேரமும் கயிற்றைப் பற்றியே பேசுவதால் வந்த பெயர். "அண்ணன் கயிறு திரிக்க ஆரம்பிச்சிட்டாரு" என்று முதுகுக்குப் பின்னால் கிண்டல் வேறு. திங்கட்கிழமைதோறும் அவர் மொட்டைமாடி மோட்டார் அறைக்குப் போய், லிஃப்டை ஆமை வேகத்தில் ஓடவிட்டு, இரும்புக் கயிற்றைச் சுற்றி ஒரு பருத்தித் துணியைப் பிடிப்பார். கயிறு நன்றாக இருந்தால் துணி வழுக்கிக்கொண்டு போகும். ஒரே ஒரு கம்பி அறுந்து நீட்டிக்கொண்டிருந்தாலும் மாட்டும். இருந்த நாலு கயிற்றில் இரண்டு அவருடைய துணியை நார் நாராகக் கிழித்துத் திருப்பிக் கொடுத்தன. கயிறு அறுந்தால் பெட்டியைக் கவ்விப் பிடிக்க வேண்டிய கவ்வியோ, துருவேறி இறுகிக் கிடந்தது.

பதினோரு அறிக்கை எழுதினார். பதினொன்றும் சாம்பல் நிறக் கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டன. பதினான்காவது மாடியில் இருக்கும் இயக்குநரை நேரில் பார்த்தால் "ஆகட்டும், பார்க்கலாம்" என்பார். யாருக்கும் எதற்கும் அவர் சொல்லும் பதில் அது ஒன்றுதான். அதனால் ஊழியர்கள் அவருக்கு ஆகட்டும் ஐயா என்று பெயர் வைத்திருந்தார்கள்.

கயிறண்ணனின் மனைவிக்கும் அதே கட்டடத்தில்தான் வேலை. பன்னிரண்டாவது மாடி மொழிபெயர்ப்புப் பிரிவில் தட்டச்சர். எல்லோருக்கும் அண்ணி. கிழிந்த துணியை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டிய நாளிலிருந்து அண்ணி லிஃப்டில் ஏறுவதில்லை. காலையில் பன்னிரண்டு மாடி ஏற்றம், மாலையில் பன்னிரண்டு மாடி இறக்கம். அவளுக்கோ வலது முட்டி ஏற்கெனவே தேய்ந்த முட்டி.

"உங்க கயிறு அறுந்து போறதுக்குள்ள என் முட்டி கழண்டுரும் போலிருக்குங்க" என்றாள் ஒருநாள், காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஊரையே ஏற்றி இறக்குகிறவன் பெண்டாட்டி படியில் தவழ்ந்து போகிறாளே என்று அவருக்குத்தான் வெட்கமாக இருந்தது.

சிவப்புக் கோப்பு யோசனை அண்ணியுடையதுதான். கோப்புகளுக்குச் சீட்டு அடித்து ஒட்டுகிறவள் அவள், அவளுக்குத் தெரியாத விதி இல்லை. வெளிநாட்டுப் பத்திரிகை எதுவாவது அந்த அலுவலகத்தைப் பற்றி ஒரு வரி எழுதினால், வெட்டி ஒட்டிச் சிவப்புக் கோப்பில் வைத்து அன்றைக்கே இயக்குநர் மேஜைக்குப் போக வேண்டும். ஏழு நாளில் பதில் போக வேண்டும். முன்பு ஒருமுறை எவனோ ஒரு பயணி, தரைத்தளக் கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று அவன் ஊர்ப் பத்திரிகையில் புலம்பியிருந்தான். நாலாம் நாள் தாழ்ப்பாள் வந்துவிட்டது, அதுவும் பித்தளையில்.

"தாழ்ப்பாளுக்கே நாலு நாள்னா கயித்துக்கு ஒரு வாரம் வைங்க" என்றாள் அண்ணி. "நீங்க சொல்லுங்க, நான் இங்கிலீஷ்ல அடிக்கிறேன்."

சாப்பாட்டு மேஜையில் கட்டுரை பிறந்தது. மனிதன் முதன்முதலில் கயிறு முறுக்கிய காலத்திலிருந்து ஆரம்பித்தார் கயிறண்ணன். நாலாயிரம் வார்த்தை தாண்டியும் இன்னும் இரும்பைக் கண்டுபிடிக்கவில்லை.

"எழுநூத்தம்பது வார்த்தைக்கு மேல வாங்க மாட்டாங்களாம்" என்றாள் அண்ணி.

"அதுல முன்னுரைகூட முடியாதேம்மா!"

"முன்னுரையை எங்கிட்ட சொல்லுங்க, நான் கேட்டுக்கிறேன். அவங்களுக்குக் கயித்தை மட்டும் சொல்லுங்க."

அனுப்பினார்கள். ஒரு பத்திரிகையிடம் கொடுத்தால் அவர்கள் வேண்டாம் என்று சொல்லும்வரை இன்னொன்றுக்குக் கொடுக்கக் கூடாதாம். முதல் பத்திரிகை மூச்சே விடவில்லை, காத்துக் காத்து அலுத்துப்போய் அடுத்ததற்கு அனுப்பினார்கள். இரண்டாவது, தங்கள் அஞ்சல் கிடைத்தது என்று ஒரு மணிக்குள் எழுதியது. இருவரும் மகிழ்ந்து போனார்கள். அது இயந்திரம் தானாகப் போடும் பதில் என்று தெரிய ஆறு வாரம் ஆயிற்று. மூன்றாவது பத்திரிகையில்தான் ஒரு மனுஷி இருந்தாள். கருத்துப் பக்கத்தின் ஆசிரியை. அருமையாகக் கேட்டிருந்தாள்: "கட்டுரை நெஞ்சைத் தொட்டது. ஆனால் இதை ஏன் இப்போது வெளியிட வேண்டும்? ஏதாவது நடந்ததா?"

"ஒன்றும் நடக்கவில்லை. நடக்கக் கூடாது என்றுதான் எழுதியிருக்கிறேன்" என்று பதில் போனது.

"புரிகிறது. நடந்தால் உடனே தெரிவியுங்கள். மிகுந்த ஆர்வத்துடன் காத்திருக்கிறோம்."

கயிறண்ணன் இதை மூன்று தடவை படித்தார். "அடிப்பாவி, எதுக்குக் காத்திருக்காளாம்?" என்றார். அண்ணி முட்டியைத் தேய்த்துக்கொண்டாள்.

ஏழு மாதம் இப்படியே போயிற்று. பிறகு எங்கோ ஒரு தேசத்தில் ஓர் அமைச்சர் தன் நாய்க்குட்டியோடு நாற்பது நிமிடம் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். அமைச்சர் நலம், நாயும் நலம், ஆனால் உலகமே அதைப் பற்றித்தான் பேசியது. அண்ணி செய்தியைப் பார்த்த அரைமணி நேரத்தில் கட்டுரையின் தலையில் அந்த நாயை ஏற்றி அனுப்பினாள். மறுநாளே ஏற்றுக்கொண்டார்கள்!

ஏற்றுக்கொண்டார்களே தவிர, சும்மா விடவில்லை. வழக்கு வரும் என்று வக்கீல் சொன்னாராம், கட்டடத்தின் பெயர் போயிற்று. இடம் போதவில்லையாம், கவ்வி போயிற்று. தலைப்பு எழுத்தாளர் கையில் இல்லையாம், "நாம் எல்லோருமே தொங்குகிறோம்" என்று அவர்களே வைத்தார்கள். நாய் மட்டும் முழுசாக வந்தது. கடைசியில் ஒரு வரி: கட்டுரையாளர் ஓர் அரசு அலுவலகத்தின் லிஃப்ட் மெக்கானிக்.

அலுவலகம் அல்லோலகல்லோலப்பட்டது. ஆளாளுக்கு நகல் எடுத்துக்கொண்டு அதே லிஃப்டில் போகும்போதே படித்தார்கள். ஆறாவது மாடி தாண்டும்போது கயிறு முனகும் என்ற வரி வந்தபோது, லிஃப்ட் ஆறாவது மாடி தாண்டி முனகியது. "என்னமா எழுதியிருக்காரு, காதுல கேக்குதுய்யா!" என்று தபால் பிரிவு குமாஸ்தா நெகிழ்ந்து போனார்.

அன்றைக்கே சிவப்புக் கோப்பு பதினான்காவது மாடிக்குப் போனது. கயிறண்ணனுக்கு அழைப்பு வந்தது.

"என்னய்யா, நம்ம மானத்தைக் கப்பலேத்திட்டியே!" என்றார் ஆகட்டும் ஐயா. முகத்தில் கோபம் பாதி, பெருமை பாதி. "இருந்தாலும் நம்ம ஆளு ஒருத்தன் பேரு அதுல வந்திருக்கு, சந்தோஷம். சரி, ஏழு நாள்ல பதில் போகணும். கயிறு மாத்தியாச்சுன்னு போட்டுருவோம்."

"மாத்தலையே ஐயா."

"கயிறு வாங்குற கோப்பு நகரவே மூணு மாசம். பதிலுக்கு ஏழு நாள். நீயே சொல்லு, எதை முதல்ல செய்ய முடியும்?"

"பொய்யாயிருமே ஐயா."

"எப்படிய்யா பொய்யாகும்? பேப்பர்ல வந்துட்டா அப்புறம் மாத்தித்தானே ஆகணும்? பேப்பர் சொன்னதைக் காப்பாத்தணும்ல? கயிறு வாங்குறதுக்கு இன்னிக்கே கையெழுத்துப் போடறேன், பாரு." போட்டும் காட்டினார். பேனாவை மூடிவிட்டு, "ஆனா பதிலை எழுத இங்க யாரு இருக்கா? வெளிநாட்டுப் பேப்பர்ல எழுதின ஒரே ஆளு நீதான்" என்றார்.

கயிறண்ணன் நல்ல மனுஷர், ஆனால் அன்றைக்கு அவர் புத்தி ஒரு கணக்குப் போட்டது. முதல் கட்டுரை வெளிவர ஏழு மாதம். இதற்கு எப்படிப் பார்த்தாலும் ஐந்து மாதமாவது ஆகும். கயிறு மூன்றே மாதத்தில் வந்துவிடும். அச்சாகும்போது எழுதியதெல்லாம் உண்மையாகியிருக்கும். கொஞ்சம் முன்கூட்டியே எழுதிய உண்மை, அவ்வளவுதான். இதையெல்லாம் மனைவியிடம் சொல்ல வாய் வரவில்லை. கயிறு வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை இயக்குநர் அறையில் உட்கார்ந்து தன் கட்டுரைக்குத் தானே மறுப்பு எழுதினார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், பிரமாதமாக எழுதினார்! ஏழு மாதம் பட்ட அடியெல்லாம் கை கொடுத்தது. சரியாக எழுநூற்று நாற்பத்தெட்டு வார்த்தை. நாலு கயிறும் மாற்றப்பட்டன, கவ்வியும் புதிது, கயிற்றைச் சுற்றித் துணி பிடித்துப் பார்த்ததில் ஒரு நூல்கூட மாட்டவில்லை என்று எழுதியபோது அவருக்கே மனசு குளிர்ந்தது. அதை இங்கிலீஷாக்கிக் கீழே கையெழுத்துப் போட்டது ஆகட்டும் ஐயா.

கயிறண்ணன் படியிறங்கி வீட்டுக்குப் போவதற்குள் பத்திரிகையின் பதில் வந்துவிட்டது. இயக்குநரின் அஞ்சலுக்குத்தான் வந்தது, அவருக்குத் தெரியாது. ஏற்கெனவே வந்த கட்டுரைக்கு மறுப்பு என்பதால் ஏன் இப்போது என்று யாரும் கேட்கவில்லை. பதில் வர ஆனது நாற்பதே நிமிடம்! "மிகக் கூர்மையான பதிலடி. முதல் கட்டுரை எழுதியவர் இதைப் படித்துத் திருந்துவார் என்று நம்புகிறோம். திங்கட்கிழமை வெளியிடுகிறோம்" என்று ஆசிரியை எழுதியிருந்தாள்.

திங்கட்கிழமை காலை கயிறண்ணன் வழக்கம்போல மோட்டார் அறையில் துணியை மடித்துக்கொண்டிருந்தார். தொலைபேசி அடித்தது. அண்ணி.

"என்னங்க, ஜெயிச்சிட்டீங்க!" என்றாள். "கயிறு மாத்திட்டாங்களாமே! அதே பேப்பர்ல போட்டிருக்கான், எங்க மாடி அறிவிப்புப் பலகையில ஒட்டியிருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? ஆச்சரியப்படுத்தலாம்னு ஒளிச்சு வெச்சீங்களாக்கும், கள்ளன்! இப்ப லிஃப்ட்லதான் நிக்கிறேன். ஏழெட்டு மாசத்துக்கப்புறம் முதல் தடவை! கீழ போய் உங்களுக்கு ஸ்வீட்..."

"ஏறாதம்மா! இறங்கு! இறங்குடி!"

கதவு மூடிக்கொண்டது, தொடர்பு அறுந்தது. அவர் கண்ணெதிரே மோட்டார் சுற்ற ஆரம்பித்தது.

மின்சாரத்தை வெட்டினால் பெட்டி சடாரென்று நிற்கும், அந்த உதறலே கயிற்றை அறுத்துவிடலாம். வெட்டாவிட்டால் பன்னிரண்டு மாடியும் அந்தக் கயிற்றில்தான் இறங்க வேண்டும். கயிற்றில் மாடிக்கு ஒன்றாக அவரே பூசிய மஞ்சள் அடையாளம் நகர்வதைப் பார்த்தார். பதினோராவது மாடியில் யாரோ ஒரு புண்ணியவான் பொத்தானை அழுத்தியிருந்தான், வேகம் குறைந்தது. அந்த நொடியில் பிரேக் நெம்புகோலை இழுத்தார். கயிறு நாலும் ஒரு நடுங்கு நடுங்கி நின்றன. மின் இணைப்பின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியில் ஓடினார்.

பதினோராவது மாடிக் கதவைச் சாவி போட்டுத் திறந்தபோது பெட்டி இரண்டடி மேலே நின்றிருந்தது. உள்ளே அண்ணியும் தபால் பிரிவு குமாஸ்தாவும்.

"என்னண்ணே, புதுக் கயிறு போட்டும் இப்படியா?" என்றார் குமாஸ்தா.

"பேசாம உக்காந்து காலை நீட்டுங்க. குதிக்காதீங்க. யாரும் குதிக்காதீங்க."

குமாஸ்தாவை இறக்கினார். பிறகு மனைவியை இடுப்பில் பிடித்து, குழந்தையைத் தூக்குவது மாதிரித் தூக்கி இறக்கினார்.

"கயிறு மாத்தலை" என்றார்.

"பேப்பர்ல போட்டிருக்கே?"

"அதையும் நான்தான் எழுதினேன்."

"ரெண்டும் நீங்களேவா?" என்று வாயைப் பிளந்தார் குமாஸ்தா. "ரெண்டுமே நல்லாயிருந்துச்சுண்ணே!"

அண்ணி அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. கணவனின் முகத்தையே பார்த்தாள். "அந்தத் துணி வரி? ஒரு நூல்கூட மாட்டலைன்னு இருந்துச்சே, அதுவுமா?"

"அதுவும்தான்."

"ஐயா பேரைப் பாத்ததும் நான் நம்பலைங்க. இவரு என்னிக்கு நிஜம் சொன்னாருன்னு திரும்பிட்டேன். அப்புறம் அந்தத் துணியைப் படிச்சேன். இது எங்க வீட்டுக்காரர் கையால சோதிச்சுப் பாத்துச் சொன்னதுன்னு நினைச்சுத்தான் ஏறினேன்."

அவர் சட்டைப் பையிலிருந்த ஃபியூஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மேலே படிக்கட்டுக் கைப்பிடியில் எட்டிப் பார்த்து ஆகட்டும் ஐயா கத்தினார். "யாருய்யா லிஃப்டை நிறுத்தினது? பேப்பர்ல வந்த அன்னிக்கா நிறுத்துவாங்க? சீக்கிரம் போடுய்யா!"

"போட மாட்டேன்" என்றார் கயிறண்ணன். இருபத்திரண்டு வருட வேலையில் மேலதிகாரியிடம் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அண்ணி அதற்குள் படியிறங்க ஆரம்பித்திருந்தாள். எங்கே போகிறாய் என்று கேட்க அவருக்குத் தைரியம் இல்லை, பின்னாலேயே போனார். பத்தாவது மாடித் திருப்பத்தில் கையைப் பிடிக்கப் போனார், உதறிவிட்டாள். எட்டாவது மாடியில் மறுபடி நீட்டினார், மறுபடி உதறினாள். ஏழாவதில் முட்டி மடங்கி அவள் தடுமாறியபோது, எட்டி அவருடைய தோளைத்தான் பிடித்தாள்.

"ஒண்ணும் பேசாதீங்க" என்றாள். "மெதுவா இறங்குங்க."

ஒரு வார்த்தை பேசாமல், படிக்கு ஒருதரம் நின்று நின்று, அவர் இறங்கினார்.