பதினாறு நகர்வு

தாரணி மூன்று வருடமாக டெஸ்டிங்கில் இருந்தாள். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் பிழை பொறுக்கும் வேலை. எலெக்ட்ரானிக் சிட்டியில் செஸ் ஆப் செய்கிற கம்பெனி அது. டீம் லீடர் ஞானசேகரன் அவளுக்கு ஒரு நிபந்தனை போட்டார்: அவள் எழுதிய செஸ் இன்ஜின், அதாவது தானே செஸ் ஆடும் புரோகிராம், இன்ஜின் டீமில் இருக்கும் ஹரிஷின் இன்ஜினோடு இரண்டு ஆட்டம் ஆடும். ஒன்றில் ஜெயித்தாலும் இன்ஜின் டீமில் இடம்.

காலையில் முதல் ஆட்டம் போய்விட்டது. இத்தனைக்கும் அவள் வைத்த சோதனையில் ஹரிஷின் இன்ஜினை அவளுடையது நூறு முறை அடித்ததுதான்.

"என்னம்மா, உங்க பண்டிதர் இன்னும் யோசிக்கிறாரா?" என்றான் ஹரிஷ், அவள் இன்ஜினைக் காட்டி.

சாப்பாட்டு நேரத்தில்தான் தப்பு பிடிபட்டது. டெஸ்டிங் புத்தி. இரண்டும் சமமாக, இரு பக்க நகர்வையும் சேர்த்து எட்டு நகர்வு முன்னால் பார்க்கும்படி வைத்துச் சோதித்திருந்தாள், கடிகாரம் வைக்கவில்லை. போட்டியில் நகர்வுக்கு ஐந்து வினாடி. அதற்குள் ஹரிஷினுடையது பன்னிரண்டு நகர்வு முன்னால் பார்த்தது. அவளுடையது ஒவ்வொரு நிலையிலும் ராஜாவுக்குக் காவல் இருக்கிறதா, சிப்பாய் வரிசை உடைந்ததா என்று அலசி, எட்டைத் தாண்டவில்லை. ஒவ்வொரு மூட்டையையும் நிறுத்துப் பார்த்துத் தூக்குகிறவன் லாரியை என்றைக்கு இறக்குவது?

நான்கு மாத உழைப்பை வெட்டி எறிந்தாள். காய்களின் மதிப்பைக் கூட்டுகிற கணக்கு மட்டும் மிஞ்சியது. இப்போது ஐந்து வினாடியில் பதினாறு நகர்வு பார்த்தது.

இரண்டாவது ஆட்டம். இருபத்தோராவது நகர்வில் இன்ஜின் யானையைச் சும்மா தூக்கிக் கொடுத்தது. தன் பக்கம் எட்டாவது நகர்வில் செக்மேட் என்று அவள் திரையில் வந்தது; எதிராளியின் நகர்வையும் சேர்த்தால் அது ஹரிஷின் இன்ஜின் பார்க்கும் பன்னிரண்டைத் தாண்டியது. அவள் நம்பவில்லை. வெட்டியதில் எதையோ உடைத்துவிட்டோம் என்று கை நிறுத்து பொத்தானுக்குப் போனது. நிறுத்தினால் தோல்வி. விரலை எடுத்துக்கொண்டாள்.

ஹரிஷின் இன்ஜின் யானையை வெட்டியது. அடுத்த நகர்வில் அது தன் நிலைக்குப் போடும் மதிப்பெண் தலைகீழாக விழுந்தது. குதிரை வந்தது, ராணி வந்தது, ஒரு சிப்பாய் ஓரடி வைத்தது. எட்டாவதில் ராஜா செத்தது.

"யானையைக் குடுக்கச் சொல்லி நீ எழுதினியா?" என்று ஞானசேகரன் கேட்டார்.

"இல்ல சார். அதுக்குக் காய் எண்ண மட்டுந்தான் தெரியும்."

திங்கட்கிழமையிலிருந்து ஹரிஷ் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அவள் தலையாட்டினாள்; கண் பலகையிலேயே இருந்தது. ஹரிஷ் ஆட்டத்தைப் பின்னால் ஓட்டி, யானை விழுந்த இடத்தில் நிறுத்தினான். தப்பிக்க இரண்டு வழி இருக்கிறது என்று போட்டுக் காட்டினான். இரண்டையும் அவள் இன்ஜின் அப்போதே அடைத்திருந்தது.