வெண்கலக் குரலில் கரப்பான்பூச்சி

அப்பா போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து இரண்டு விரல்களைப் பின்பக்கமாக அசைத்தார். மறுபடியும் அந்த இடம். மகள் தான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனைக்குப் போனில் லீவு சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த போனைத் தோளில் இடுக்கியபடியே, ஒலிபெருக்கியோடு இணைத்திருந்த இன்னொரு போனில் ஓடிய ஒலிப்புத்தகத்தைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினாள். அறை முழுக்க அவளுடைய அண்ணனின் குரல் எழுந்தது.

"பொறிகளைக் கண்டு... ஓடவில்லை... அவை! மருந்தைக் கண்டு... மருளவில்லை... அவை!"

அது கரப்பான்பூச்சிகளைப் பற்றிய புத்தகம். பூச்சிகளை ஆராய்ந்தே தலை நரைத்த ஓர் அம்மாள், சாதுவான நடையில் எழுதியது. ஒலிப்புத்தகமாக அதை வாசித்தவன் அண்ணன். மூலத்தில் முட்டைப் பையை அலமாரி இடுக்கில் உதிர்த்துவிட்டுப் போகும் சாதாரணப் பெண் கரப்பான், அவன் வாயில் நாடு கடத்தப்பட்ட மகாராணி ஆகியிருந்தது. ஏதோ ஒரு மன்றம் சால்வை போர்த்தி 'வெண்கலக் குரலோன்' என்று பட்டம் கொடுத்த நாளிலிருந்து அவன் வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டால்கூடப் படையெடுப்புக்கு ஆணையிடுவது போலத்தான் இருக்கும்.

"பாத்தியா?" என்றான் அண்ணன், வாசற்படியில் நின்று. "அந்த இடத்தையே திரும்பத் திரும்பக் கேக்கறாரு. அங்க நான் உயிரைக் குடுத்துப் படிச்சிருக்கேன்."

"நேத்துலேர்ந்து இதே இடம்தான் ஓடுது அண்ணா."

"ஓடத்தான் செய்யும். ரசனைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

பின்னாலேயே அண்ணி வந்தாள். அவனுடைய நிகழ்ச்சிகளுக்குத் தேதி கொடுப்பதும், அவன் தொண்டைக்கு வெந்நீர் கொடுப்பதும் அவள்தான். "மாமா கடைசியாக் கேட்டதே புள்ளையோட குரலைத்தான்னு அடுத்த கூட்டத்துல சொல்லலாம்" என்றாள் மெதுவாக. உடனே, "இப்ப ஒண்ணும் அவசரமில்ல" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அவசரம் இருந்தது. காலையில் வந்த டாக்டர், இன்றைக்குத் தாண்டுவது கஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

குரல் அந்த இடத்தை நெருங்கியது. "இத்தனை காலம்... கொன்ற மருந்து... ஏன்... ஏன்... கொல்லாமல் போயிற்று? அதன் காரணம்..." இங்கே ஒரு வயலின் அழத் தொடங்கியது. வெண்கலம் சட்டென்று ரகசியமாக இறங்கி, மூச்சுக்காற்றாகி, வயலினுக்கு அடியில் எங்கோ போய்ப் படுத்துக்கொண்டது. பிறகு முரசு. அடுத்த பகுதி.

அப்பாவின் விரல்கள் மீண்டும் அசைந்தன.

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான். அண்ணி வெந்நீரோடு பின்தொடர்ந்தாள்.

மகள் கட்டிலோரம் உட்கார்ந்து, அப்பாவின் காதுக் கருவியைச் சரிசெய்தாள். "அவ்வளவு பிடிச்சிருக்காப்பா?"

அப்பா கதவைப் பார்த்தார். ஆள் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். "என்னதான் சொல்றான் கண்ணு அவன்?"

"என்னது?"

"காரணம்ங்கறான். அதுக்கப்புறம் பாம்பு சீறற மாதிரி புஸ்ஸுங்கறான். ஒரு எழவும் காதுல விழல."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது. அப்பா பூச்சி மருந்து அடிப்பவராக இருந்தவர். கடைசி ஆண்டுகளில், தெளிப்பானை வைத்துவிட்டு இனிப்புப் பசையில் மருந்து கலந்து இடுக்குகளில் பொட்டுப் பொட்டாக வைக்கும் முறைக்கு மாறியிருந்தார். ஆரம்பத்தில் கரப்பான்கள் கூட்டம் கூட்டமாக மல்லாந்தன. பிறகு பெரிய ரொட்டிக்கடை ஒன்றின் சமையலறையில், அதே பசையைத் தொடாமல் சுற்றிக்கொண்டு அவை உலாவப் போயின. மருந்தில் கலப்படம் செய்கிறான் என்றார் கடைக்காரர். கூடவே வேலை பார்த்த கூட்டாளியும், "எனக்குத் தெரியாம என்ன கலந்தானோ" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அப்பா யாரிடமும் வாதாடவில்லை. தொழிலையே விட்டுவிட்டு வந்தவர், இரவுகளில் வீட்டுச் சமையலறை விளக்கைப் போட்டுப் போட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன்கிட்ட கேட்டிருக்கலாமேப்பா."

"எப்படிக் கேக்கறது? நல்லாருக்குடா, நல்லாருக்குடான்னு இத்தனை வருஷமா சொல்லிட்டேன். இப்ப போய் ஒண்ணும் புரியலைன்னா மனசு ஒடிஞ்சிடுவான்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நீ கேட்டுச் சொல்லேன். நான் கேட்டேன்னு சொல்லாத."

அவள் ஒலிபெருக்கியைக் காதோடு வைத்துக் கேட்டாள். வயலின். மூச்சு. முரசு. சத்தத்தைக் கூட்டினாள். வயலின் பெரிதாக அழுதது.

கூடத்தில் அண்ணன் கண்ணை மூடித் தொண்டைக்கு ஆவி பிடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, அந்த மருந்து ஏன் வேலை செய்யல?"

"எந்த மருந்து?"

"புத்தகத்துல. காரணம்னு சொல்லிட்டு ரகசியம் பேசறியே."

துண்டுக்குள்ளிருந்து முகம் வெளியே வந்தது. "அங்கதான் விஷயமே இருக்கு. சத்தமாச் சொன்னா அது வெறும் தகவல். ரகசியமாச் சொன்னா கேக்கறவன் நெஞ்சு அப்படியே..."

"சரி, என்ன தகவல்?"

அவன் விட்டத்தைப் பார்த்தான். அண்ணியைப் பார்த்தான். அண்ணி வெந்நீரைப் பார்த்தாள்.

"படிக்கறப்ப நான் அந்த உணர்ச்சியில இருப்பேன்" என்றான் கடைசியில். "விஷயத்துல எல்லாம் இருக்க முடியாது."

"அப்ப நீயும் கேக்கல, அப்பாவுக்கும் கேக்கல."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் துண்டை மடித்தான். அதை இன்னும் சின்னதாக மடித்தான்.

"அப்ப அந்த இடத்தையே அவரு..."

"புரியாமத்தான் போடச் சொல்றாரு. உன்கிட்ட சொல்லாதேன்னாரு. நீ மனசு ஒடிஞ்சிடுவேன்னு."

அவள் ஆவி பிடிக்கும் பாத்திரத்தைத் தட்டால் மூடினாள்.

"புத்தகம் போன்ல இருக்குல்ல? வந்து படி. வயலின் வேண்டாம். நான் 'உங்க பல்லைப் பிடுங்கணும், உள்ள வாங்க'ன்னு சொல்வேனே, அந்த மாதிரி படி."

அவன் வந்தான். நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையை நெஞ்சில் வைத்து, வலது கையில் போனை விளக்கு ஏந்துவது போல ஏந்தினான். "இத்தனை... காலம்..." அப்பாவின் கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

"அண்ணா. கையை எடு."

கையை எடுத்தான். "இத்தனை காலம் கொன்ற..." வெண்கலம் பாதி கழன்றிருந்தது. மீதி, 'கொன்ற'வில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

"பல்லு" என்றாள் தங்கை.

மூன்றாம் முறை வந்த குரலைத் தங்கை பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு கேட்டதே இல்லை. மூக்கால் வரும் குரல். 'ல'வில் கொஞ்சம் தடுக்கும். இதை ஒளித்து வைக்கத்தான் இவ்வளவு வெண்கலமும் வார்க்கப்பட்டது போலிருந்தது.

"மருந்தை அவை இனம் கண்டுகொண்டதாக நினைத்தார்கள். அப்படி இல்லை. பசையில் இருந்த குளுக்கோஸ் சர்க்கரைதான் அவற்றுக்குப் பிடிக்கவில்லை. பிறவியிலேயே அந்தச் சர்க்கரை கசப்பாகப் படும் கரப்பான்கள் ஒன்றிரண்டு இருந்தன. இனிப்பை விரும்பியவை தின்று செத்தன. கசந்தவை தின்னாமல் பிழைத்தன. அவற்றின் பிள்ளைகளுக்கும் கசந்தது."

அப்பா கண்ணைத் திறந்தார். "யாரு படிக்கறது?"

"நான்தான்பா."

"நல்லாக் கேக்குதுடா." இந்த 'நல்லா'வில் பழக்கதோஷம் இல்லை. கொஞ்ச நேரம் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். "சக்கரை கசக்குதாமா அதுங்களுக்கு?"

"ஆமாம்பா."

"அப்ப மருந்து நல்ல மருந்துதான்."

"நல்ல மருந்துதான்பா" என்றாள் மகள்.

"பசைதான் ஆகல." போர்வை குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "நாக்கு நீளம், கழுதைங்களுக்கு! எங்க போய்ச் சொல்றது இதை? அந்தக் கூட்டாளிப் பய செத்தே போயிட்டான்." சிரிப்பு இருமலாகி அடங்கியது. "மேல படிடா."

அண்ணன் படித்தான். ஒலிப்பதிவில் அவன் முழங்கிக்கொண்டு கடந்துபோன பக்கங்கள்தான். இப்போது ஒவ்வொரு வரியிலும் தடுக்கி நின்றான். ஆண் கரப்பான் கூடலுக்கு முன் தன் முதுகில் சுரக்கும் இனிப்பைப் பெண்ணுக்குத் தின்னக் கொடுக்குமாம். இனிப்பு கசக்கும் பெண்ணோ ஒரு வாய் வைத்துவிட்டுப் பாதியிலேயே இறங்கிப் போய்விடுமாம்.

"ஐயோ பாவம்!" என்றான் போனைப் பார்த்தபடியே. "பொண்ணு பாக்கப் போய்ப் பலகாரம் பிடிக்காம எந்திரிச்சு வந்த மாதிரியில்ல இருக்கு! ஏய், இதெல்லாம் நானா படிச்சேன்?"

"நீதான்."

"பயங்கர சுவாரசியமா இருக்கு."

கதவிடுக்கில் அண்ணி எட்டிப் பார்த்தாள். "யாரு வந்திருக்காங்க? புதுக் குரலா இருக்கு."

தங்கை போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருமல் அடங்கிய பிறகும் ஏறி இறங்கிக்கொண்டிருந்த போர்வை, பலகாரம் பிடிக்காத கதையை அண்ணன் சொன்னபோது இறங்கியது, பிறகு ஏறவில்லை. அப்பாவின் வாயோரம் இன்னும் யாரையோ கிண்டல் செய்துகொண்டிருந்தது. அவள் மெதுவாகக் கை நீட்டி அவர் காதிலிருந்த கருவியைக் கழற்றப் போனாள். பிறகு அதை அப்படியே விட்டுவிட்டாள்.

அண்ணன் விரலால் அடுத்த பக்கத்தைத் தள்ளியபடி, "இரு, இரு, ஆணு சும்மா விடலையாம்" என்றான்.

"அப்புறம் என்ன பண்ணுச்சாம்?" என்று கேட்டாள் அவள்.

அவன் நாற்காலியைக் கட்டிலுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அடுத்த பாராவைப் படிக்க ஆரம்பித்தான்.