மறுநாள் பேச்சு

குளிப்பாட்டி, நெற்றியில் திருநீற்றைப் பட்டையாகப் பூசி, ஆறுமுகசாமி வாத்தியாரை வாசல் பந்தலில் பெஞ்சின் மேல் கிடத்தியிருந்தார்கள். காலையில் பல் துலக்கப் போனவர் கிணற்றடியிலேயே சாய்ந்துவிட்டார். அமராவதி புருஷனின் கால்மாட்டில் உட்கார்ந்து அவருடைய வேட்டி ஓரத்தை இழுத்துவிட்டாள். சரியாக இருந்ததையே மறுபடி மறுபடி இழுத்துவிட்டாள்.

வாத்தியாரின் சித்தப்பா ரத்தினசாமி தடியை ஊன்றிக்கொண்டு அவளிடம் குனிந்தார்.

"அம்மிணி, பொழுது சாயறதுக்குள்ள எடுக்கோணும். கொள்ளி வெக்கிறது ஆருன்னு ஒரு வார்த்தை சொல்லீரு."

"எம்பையன் இருக்கறானுங்களே மாமா."

கிழவர் பார்வையைப் பந்தல்காலுக்குத் திருப்பிக்கொண்டார்.

அவளுடைய ஒரே மகன் ஞானசம்பந்தம் பட்டாளத்துக்குப் போனவன். அறுபத்தைந்தாம் வருஷத்துப் பாகிஸ்தான் சண்டையில் அவனைக் காணவில்லை என்று தந்தி வந்தது. செத்துவிட்டான் என்று வரவில்லை. இந்த மூன்று வருஷமும் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அமராவதி சோறு தின்றாள். தீபாவளிக்குத் தீபாவளி அவனுக்கு வேட்டி எடுத்து, மூலையில் மஞ்சள் தடவி, டிரங்குப் பெட்டியில் வைப்பாள். நெடுநெடுவென்று வளர்ந்தவன் என்பதால் சேவூர்த் தறிக்காரரிடம் சொல்லி அகலம் கூட்டி நெய்து வாங்குவாள்.

"இருக்கறவன் பேரச் சொல்லி இன்னொருத்தன் தீ வெச்சா, இருக்கறவனுக்கு ஆகாது அம்மிணி" என்றார் ரத்தினசாமி. "அவன் இல்லீன்னு ஆனாத்தான் எம்பேரன் கந்தவேலு பங்காளி முறையில வெக்கலாம். அதப் பெத்தவதான் சொல்லோணும். நாங்க சொல்ல முடியாது."

பறைக்காரர்கள் பீடி பிடிக்க ஒதுங்கியிருந்தார்கள். இரண்டு தெரு தள்ளி பனியன் கம்பெனி மிஷின்கள் ஓடும் சத்தம் அதனால் நன்றாகக் கேட்டது.

இரண்டாம் உலகப் போர்ப் பாடத்தை ஆறுமுகசாமியைப் போல நடத்த இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. புத்தகத்தில் இருந்தது நாலு பக்கம். அவர் ஒரு மாதம் நடத்துவார். குண்டு போட்ட விமானியாக ஒரு பக்கம் எழுது, குண்டு விழுந்த ஊரில் அரிசி களைந்துகொண்டிருந்தவளாக ஒரு பக்கம் எழுது என்பார். கடைசியில் பட்டிமன்றம். எந்தக் கட்சி என்பது திருவுளச்சீட்டில் வரும். போர் வேண்டும் என்று இன்றைக்குப் பேசியவன், மறுநாள் அதே மேடையில் ஏறி, வேண்டாம் என்று பேசியாக வேண்டும். இரண்டும் பேசினால்தான் மார்க். ஒரு பக்கம் மட்டும் பேசத் தெரிந்தவனை ஊருக்குள் விடுவது ஆபத்து என்று சொல்லிச் சிரிப்பார்.

அறுபத்திரண்டில் சொந்த மகனுக்கே 'போரிட்டே ஆகவேண்டும்' என்ற சீட்டு விழுந்தது. அப்பனும் மகனும் அடுப்படிப் பக்கம் உட்கார்ந்து அந்தப் பேச்சைத் தயார் செய்தார்கள். நல்ல வரிகளையெல்லாம் வாத்தியார்தான் எடுத்துக் கொடுத்தார். மேடையில் சம்பந்தம் பேசி முடித்தபோது கைதட்டலில் பள்ளிக்கூட ஓட்டுக்கூரைப் புறாக்கள் பறந்தன.

மறுநாள் பேச்சு நடக்கவே இல்லை. வடக்கே எல்லையில் சீனாவோடு நிஜச் சண்டை. போர் வேண்டாம் என்று பிள்ளைகளைப் பேசவிடும் நேரமா இது என்று தலைமை ஆசிரியர் நிறுத்திவிட்டார். ஜவான்களுக்குப் பனியன் சேர்க்கப் பையன்களைக் கம்பெனி கம்பெனியாக அனுப்பினார். இமயமலைக் குளிருக்கு இந்த ஊர்ப் பருத்திப் பனியன் என்ன செய்யும் என்று ஒருவரும் கேட்கவில்லை. சம்பந்தம் தோளில் மூட்டை மூட்டையாகச் சுமந்தான். அடுத்த வாரம் கோயமுத்தூர் போய்ப் பட்டாளத்தில் பேர் கொடுத்துவிட்டு வந்து நின்றான்.

"நானே பேசுனதுங்களேப்பா. பேசிப்போட்டு ஊட்ல உக்காந்துக்கறதுங்களா?"

எந்தக் கட்சிக்கும் வாதாடத் தெரிந்த மனுஷன் அன்றைக்கு வாயடைத்துப் போனார். தந்தி வந்த பிறகு அவர் பட்டிமன்றமே வைக்கவில்லை. நாலு பக்கத்தை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவார்.

தெருவில் கார் வந்து நின்றது. கிட்டுசாமி மாலையோடு இறங்கினான். வாத்தியாரிடம் படித்தவன், இப்போது சொந்தமாகப் பனியன் கம்பெனி நடத்துகிறான். காலைத் தொட்டுக் கும்பிட்டு அழுதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான்.

"எம் பேச்சே எங்க வாத்தியார் போட்ட பிச்சை! உலகப் போரைப் பாடமாகச் சொன்னவர், தன் ஒரே மகனை நாட்டுக்காகக் களப்பலி தந்தார்! வீரமரணம் எய்திய அந்த மகனிடம் தந்தை இன்று போய்ச் சேர்ந்துவிட்டார்!"

ஏற்ற இறக்கம் கச்சிதமாக இருந்தது. வாத்தியார் சொல்லிக் கொடுத்த இடத்தில் நிறுத்தி, சொல்லிக் கொடுத்த இடத்தில் கையை உயர்த்தினான். பின்னால் நின்ற இரண்டு பேர் பழக்கதோஷத்தில் கைதட்டப் போய் நிறுத்திக்கொண்டார்கள். அமராவதி வேட்டி ஓரத்தைக் கைவிட்டாள். அவள் எழுந்து நின்றாள்.

"நல்லாப் பேசுனீங்க தம்பி. இப்ப அடுத்த பக்கம் பேசுங்க."

"என்னங்கம்மா?"

"அவுரு வழக்கம் உங்களுக்குத் தெரியாதுங்களா? பேசுன வாயே எதுத்தும் பேசோணுமல்லங்க. நாளைக்குன்னு தள்ளாதீங்க. அன்னைக்கு அப்படித் தள்ளித்தான் மறுநாள் பேச்சே இல்லாமப் போயிருச்சு. இப்பவே பேசுங்க."

கிட்டுசாமி கையிலிருந்த கைக்குட்டையை மடித்தான். கூட்டத்தில் ஒரு குழந்தை சிணுங்கியது.

"எதுத்துப் பேச இதுல என்னங்கம்மா இருக்குது?" என்றான் தாழ்ந்த குரலில்.

"அதத்தானுங்க தம்பி அவுரும் தேடிட்டு இருந்தாரு."

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். சம்பந்தம் வருவான் என்று ஒரு சொல், பொய்யாகவாவது, எவராவது சொல்ல மாட்டார்களா என்று பார்த்தாள். வெயில் பந்தலை விட்டு இறங்கி எதிர்வீட்டுச் சுவருக்குப் போய்விட்டது. ரத்தினசாமி தடியை மாற்றிப் பிடித்தார்.

அமராவதி உள்ளே போனாள். டிரங்குப் பெட்டியைத் திறந்து மேலே இருந்த வேட்டியை எடுத்து வந்து பந்தலில் நின்ற கந்தவேலின் கையில் கொடுத்தாள்.

"கட்டிக்க கண்ணு."

ரத்தினசாமி வேட்டியின் மஞ்சள் மூலையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பறைக்காரர்களுக்குக் கை காட்டினார். பறை முழங்கியது. பாடையைத் தூக்கினார்கள்.

பெண்கள் தெருமுனைக்கு மேல் போகக்கூடாது. அவள் அங்கேயே நின்றாள். கந்தவேல் கட்டை ஆள். கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்த அவன் காலுக்குக் கீழே வேட்டி தழைந்து, தெருப் புழுதியைக் கூட்டிக்கொண்டே போயிற்று.