சோதனைப் படம் இல்லை

எங்கள் விமான நிலைய எக்ஸ்ரே இயந்திரத்துக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. யாரோ ஓர் அப்பாவியின் பையைத் திரையில் காட்டும்போது, நடுவே தானாகவே ஒரு பொய் வெடிகுண்டுப் படத்தைச் செருகிவிடும். நாங்கள் விழித்திருக்கிறோமா, தூங்கி வழிகிறோமா என்று பார்க்கத்தான். கண்டுபிடித்துப் பொத்தானை அழுத்தினால் 'சபாஷ், இது சோதனைப் படம்' என்று எழுத்து வரும். கோட்டை விட்டால் மேற்பார்வையாளருக்குத் தகவல் போய்விடும். இந்த மாதம் நான் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தேன். மூன்றாவது முறையும் விட்டால் திரைக்கு முன்னால் இருக்கும் இந்த நாற்காலி போய்விடும். அப்புறம் பயணிகள் சாமான் வைக்கும் காலித் தட்டுகளை அடுக்கும் வேலைதான்.

நாற்காலிக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. நமக்குச் சொந்தக்காரர் ஒருவரின் பை வந்தால் உடனே எழுந்து வேறொருவருக்கு இடம் விட வேண்டும். தெரிந்தே உட்கார்ந்திருந்தால் கதை முடிந்தது. இதை வீட்டில் சாப்பிடும்போது பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அத்தை, அதாவது என் மாமியார், அதை மிகவும் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

அன்று காலை நல்ல கூட்டம். ஒரு பெரிய பை உள்ளே நகர்ந்தது. திரையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கனமான உலோகப் பாத்திரம், மூடி இறுக்கி மூடியிருந்தது. அதற்குள் ஆரஞ்சு நிறத்தில் கட்டி கட்டியாக ஏதோ. வெடிமருந்தும் அந்த நிறத்தில்தான் தெரியும். ஒட்டினாற்போல ஒரு கடிகாரம், அதன்மேல் ஒயர். பயிற்சி வகுப்புப் படம்கூட இவ்வளவு அச்சு அசலாக இருக்காது. இயந்திரத்துக்குக் கற்பனை வற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டே பொத்தானை அழுத்தினேன்.

சபாஷ் வரவில்லை. 'இது சோதனைப் படம் இல்லை' என்று வந்தது. பெல்ட் நின்றது.

மேற்பார்வையாளர் வந்தார். எதற்கும் அவசரப்படாதவர் என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். படத்தை வேறு கோணத்துக்குத் திருப்பினார். ஒயர் கடிகாரத்தோடு சேரவில்லை. அது வெறும் இயர்போன். பாத்திரத்தின் கைப்பிடியும் தெரிந்தது, அளவுக்குப் பொருந்தாத ஒரு தடித்த போல்ட்டோடு. அந்த போல்ட்டை முறுக்கியவள் நான். போன வாரம் சமையலறையிலிருந்து மாயமான என் குக்கர் அது. "எவன் கண்ணு பட்டுச்சோ" என்று அத்தை அங்கலாய்த்த அதே குக்கர். உள்ளே இருந்த கட்டிகள், என் தம்பி அனுப்பி, நான் அலமாரியில் துணிகளுக்கு அடியில் ஒளித்துவைத்த சோப்புகள்.

பெல்ட்டின் மறுமுனையில் அத்தை நின்றிருந்தார். மகள் வீட்டுக்குப் புறப்பட்டவரை என் கணவர்தான் கொண்டுவந்து விட்டிருந்தார்.

அந்த நொடியே நான் எழுந்திருக்க வேண்டும். ஆனால் எழுந்தால், பை திறக்கும் அழகைப் பார்க்க முடியாதே. அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

எக்ஸ்பிரஸ் பையின் ஜிப்பை ஒரு சிறு துணித் துண்டால் துடைத்து, வெடிமருந்துத் துகள் இருந்தால் காட்டிக்கொடுக்கும் கருவிக்குள் செருகினார். பச்சை விளக்கு எரிந்தது. பிறகு பையைத் திறந்தார்.

"இது யாரோட குக்கர்ம்மா?"

"என் மருமக குடுத்தது தம்பி. நாத்தனாருக்குக் குடுங்கன்னு அவளே ஆசையா எடுத்து வச்சா."

"உள்ள இருக்கிற சோப்பு?"

"அதுவும் அவதான்."

எனக்குக் காதில் புகை வந்தது.

"மருமக கூட வந்திருக்காங்களா?"

அத்தை நேராக என்னைப் பார்த்தார். ஒரு விரலை நீட்டினால் போதும், என் நாற்காலி காலி.

"இல்லப்பா, வேலைக்குப் போயிருக்கா. தங்கமான பொண்ணு. எதை எடுத்தாலும் வாயைத் திறக்க மாட்டா."

இத்தனை வரிசைகள் இருக்க, அவர் ஏன் என் வரிசையில் வந்து நின்றார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எக்ஸ்பிரஸ் என் பக்கம் திரும்பினார். "என்னம்மா, அனுப்பிடலாமா?"

என்னுடையது என்று சொன்னால் குக்கர் கிடைக்கும், நாற்காலி போகும். பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன். ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது.

எல்லாவற்றையும் திரும்ப அடுக்கிய எக்ஸ்பிரஸ், குக்கர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "விசிலைக் காணோமே? இது இல்லாம எப்படிம்மா சமைப்பாங்க?"

அத்தையின் முகம் தொங்கிப்போனது. பையைத் தலைகீழாகக் கிளறினார். எங்கே கிடைக்கும்? குக்கர் காணாமல் போன அன்று விசில் ஜன்னலோரம் காய்ந்துகொண்டிருந்தது. மிஞ்சிய ஒரே தடயம் என்று அதைப் பத்திரமாக என் சாப்பாட்டுப் பையில் போட்டு வைத்திருந்தேன். பை என் நாற்காலிக்கு அடியில்தான் இருந்தது.

அத்தை மறுபடி என்னைப் பார்த்தார். இந்த முறை அந்தப் பார்வை கெஞ்சியது. கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

"இந்த மாடல் விசில் இப்பக் கடையில வர்றதில்லம்மா," என்றேன், முன்பின் தெரியாதவரிடம் காட்டும் மரியாதையோடு. "உங்க மருமககிட்ட வேணா கேட்டுப் பாருங்க. ஆனா அவங்கதான் வாயைத் திறக்க மாட்டாங்களே."

பெல்ட்டை ஓட விட்டேன்.